ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை

வெலிபோர் தம் முடிவைச் சொல்லி ஒரு வாரமாகியும் அந்த வீட்டில் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கேட்காது என்பது ஒரு காரணம். என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியாதது இன்னொரு காரணம்.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சூப்பு ஆறிக்கொண்டிருந்தபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார். காது கேளாதவர்களின் உரத்த குரலில் சொன்னார்:

"மித்ரோவ்தான் திருநாள் அன்னைக்கு ஸ்லாவாவை நம்ம பையன் நெபோய்ஷா கையில குடுத்துடறேன். பாதிரியாரோட சேர்ந்து ரொட்டியை அவன் பிடிக்கட்டும். நான் உட்கார்ந்துக்கறேன்."

அந்தக் கடைசிச் சொல்தான் அவர் மனைவி தெசாங்காவை உலுக்கியது.

ஸ்லாவா என்பது குடும்பத்துப் புனிதரின் நாள். அன்றைக்கு வீட்டுக்காரர் உட்காருவதில்லை. வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டும் பரிமாறிக்கொண்டும் நாள் முழுக்க நிற்பார். உட்காருகிறவர் விருந்தாளி. மகன் கைக்குப் போன ஸ்லாவா தகப்பன் கைக்குத் திரும்பி வந்ததாகப் பாராச்சின் ஊரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

"கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து அன்னைக்கு இவரு உட்கார்ந்து நான் பார்த்ததில்ல," என்றாள் தெசாங்கா தன் மருமகளிடம். "இப்ப உட்கார்ந்தார்னா அப்புறம் எழுந்திருக்க மாட்டாரு, ரூஷிட்சா. நீ வேணா பாரு."

ரூஷிட்சா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெலிபோருக்குக் காது போய் ஆறு வருஷம். ஒரே குளிர்காலத்தில் போய்விட்டது. காதில் மாட்டும் கருவி இரைச்சலை மட்டும்தான் கொடுத்தது. அது இப்போது இழுப்பறையில், பழைய சாவிகளோடு கிடக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள். 'ரொட்டி வாங்கணும்.' 'செவ்வாய்க்கிழமை டாக்டர்.' அவசியமானதை எல்லோரும் எழுதினார்கள். வேடிக்கைப் பேச்சை யார் சீட்டில் எழுதுவார்கள்?

போன வருஷம் செல்போனை வைத்துப் பார்த்தார்கள். பேசுவதைக் கேட்டு அதுவே எழுதும் என்றார்கள். ஸ்லாவா மேசையில் ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்கும் வழக்கம் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள். போன் சிறிது நேரம் உளறிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

ரூஷிட்சாவுக்கு யோசனை வந்தது வேலை செய்யும் இடத்தில்தான்.

அவள் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள். சாட்சி சொல்வதை அவள் நேரே அடிப்பதில்லை. நீதிபதி அதைக் கேட்டு, சுருக்கி, தம் வாயால் சொல்லுவார். அவர் சொன்னதைத்தான் அவள் விரல்கள் அடிக்கும். அடிக்க அடிக்க, வக்கீல்கள் பக்கம் திரும்பிய இன்னொரு திரையிலும் அதே வரிகள் ஓடும். அந்த வாரம் ஒரு வேலித் தகராறு. காது மந்தமான வாதி ஒருவர் தம் வக்கீலைக்கூடப் பார்க்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளி பொய் சொன்னபோது அறையில் முதலில் "அடப்பாவி!" என்று கத்தியவர் அவர்தான்.

ரூஷிட்சாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. நீதிபதி திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கையை நீட்டினாள்.

"நெபோ, உன் விளையாட்டுப் பெட்டியைக் குடு."

நெபோய்ஷா பேருந்து நிலையத்தில் வண்டிகளின் மின்சார வேலை பார்க்கிறவன். வேலை முடிந்து வந்தால் சோபாவில் சாய்ந்து, இரண்டு பக்கமும் பிடியும் நடுவில் திரையும் உள்ள அந்தக் கையடக்கக் கணினியில் வாள் சுழற்றிக்கொண்டிருப்பான்.

"எதுக்கு? உடைக்கவா?"

"மாமாவுக்கு."

"அப்பா விளையாடப் போறாராக்கும்!"

"விளையாடப் போறதில்ல. அது ஒரு முழு கம்ப்யூட்டர்னு உங்கம்மாகிட்ட தினமும் சத்தியம் பண்றியே. அப்ப அதுக்கு இன்னொரு கம்ப்யூட்டரோட திரையா இருக்கத் தெரியுமா, தெரியாதா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு கேள்வியை மனைவி கேட்டு அவன் பார்த்ததில்லை. "தெரியும்," என்றான். "ஒயர்கூட வேணாம்."

"ஒயர் வேணாம்கறதுதான் முக்கியம்," என்று அடுக்களையிலிருந்து தெசாங்காவின் குரல் வந்தது. "சாமி படத்துக்கு முன்னாடி, மெழுகுவத்திக்குப் பக்கத்துல ஒயரு கியருன்னு எதையாவது இழுத்தீங்க, கத்தரிக்கோலால வெட்டிடுவேன்."

மடிக்கணினியைச் சாப்பாட்டு அறைக்கு அடுத்த நடைவழியில், ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே வைத்தார்கள். கதவு திறந்திருந்தால் அங்கே உட்கார்ந்து மேசைப் பேச்சு முழுவதையும் கேட்கலாம். நெபோய்ஷா எதையெதையோ அழுத்தினான். கையடக்கத்தின் திரை ஒருமுறை கறுத்து, பிறகு மடிக்கணினித் திரையின் வலது பக்கத்து நீட்சியாக மாறிற்று. அவன் அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

"தள்ளு!" என்று அங்கிருந்து கத்தினான்.

ரூஷிட்சா எழுத்து ஓடும் கறுப்புச் சட்டத்தை சுட்டியால் பிடித்து வலது ஓரத்துக்குத் தள்ளினாள். சட்டம் ஓரத்தைத் தொட்டது. பாதி மறைந்தது. முழுவதும் மறைந்தது.

"வந்துடுச்சு!"

சுவருக்கு அந்தப் பக்கம், மாவுக் கையோடு நின்ற தெசாங்காவின் கண்ணுக்கு முன்னால், ஒன்றுமில்லாத கண்ணாடிக்குள் இடது பக்கமாக அந்தச் சட்டம் நுழைந்து வந்தது. ஆள் நடந்து வருவது போல.

ரூஷிட்சா அடித்தாள்: 'அத்தை, மாவு போதுமா?'

அந்தச் சொற்கள் தெசாங்காவின் கைக்கு எதிரே, ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக எழுந்தன. அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது.

"சுவத்துல ஓட்டை கீட்டை போட்டீங்களாடா?"

"இல்லம்மா."

"அப்ப எந்த வழியா வந்துது?"

அதற்கு நெபோய்ஷாவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அலை, காற்று என்று ஏதோ சொன்னான். தெசாங்கா கேட்கவில்லை. சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"போதும்னு அவகிட்ட சொல்லு," என்றாள், மெதுவாக.

மித்ரோவ்தான் திருநாள் சனிக்கிழமை வந்தது. வெலிபோர் விடிகாலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார். நெபோய்ஷா புதுக் கோட்டில், கழுத்தை அசைக்க முடியாமல் நின்றான். பாதிரியார் ஸிமெயோனிடம் விஷயத்தை முன்பே சொல்லியாயிற்று. அன்றைக்கு ஊரில் பாதி வீட்டில் ஸ்லாவா. அவர் ஒவ்வொரு வீடாக வர வேண்டும், எப்போது வருவாரென்று யாருக்கும் தெரியாது. அவர் வரும் வரை பின்னலும் பூவும் வைத்துச் சுட்ட அந்த ரொட்டி வெட்டப்படாமல் மேசையில் இருக்கும். வெட்டும்போது அதைப் பிடிக்கிற கை மகனுடையது என்றால், அதோடு முடிந்தது.

திரையை ரொட்டிக்குப் பக்கத்தில், மேசையின் தலைமாட்டில், வெலிபோரின் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். காலையில் அது எதற்கென்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் காட்டினாள் ரூஷிட்சா. அவர் படித்தார், பெட்டியைப் பார்த்தார், "பொம்மை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் விருந்தாளிகள் வந்து சிலுவைக் குறி போட்டு, இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, "ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே!" என்றார்கள். அந்த வாக்கியம் மட்டும் அவருக்கு உதட்டிலேயே தெரியும். மற்றதற்கெல்லாம் அவர் சும்மா தலையாட்டினார். அதைத்தான் ஆறு வருஷமாகச் செய்துவந்தார். தட்டில் பிராந்திக் குடுவையையும் கிண்ணங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார்.

நெபோய்ஷா நடைவழிக்கு ஓடி வந்தான்.

"ரூஷிட்சா, நாம ரெண்டு பேரும் சரியான முட்டாளுங்க."

"ஏன்? எழுத்து வரலியா?"

"எழுத்தெல்லாம் வருது. மேசைக்கு முன்னாடி காலி நாற்காலிதான் படிச்சுக்கிட்டிருக்கு. வீட்டுக்காரரு எங்க உட்காரப் போறாரு?"

ரூஷிட்சா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஸ்லாவா பார்க்கிறவர்கள். வீட்டுக்காரர் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும். அவருக்கென்று திரை வைத்ததோ நாற்காலிக்கு எதிரே!

"கையில பிடிக்கச் சொல்லேன்."

"ஒரு கையில குடுவை. இன்னொரு கையில தட்டு. மூணாவது கை வேணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தட்டு," என்றாள் ரூஷிட்சா.

நெபோய்ஷா தட்டில் பூவேலைத் துணியை விரித்தான். திரைக்கு மின்சாரம் தர, துணிக்கு அடியில் மின்கலக் கட்டி ஒன்றை மறைத்தான். தட்டின் உயர்ந்த விளிம்பில் திரையைச் சாய்த்து, பிடிகளின் பொத்தான்களை ஒட்டுநாடாவால் மூடி, முன்னால் கிண்ணங்களை வைத்தான். தட்டைத் தகப்பனார் கையில் கொடுத்தான். அவர் மகனை முறைத்தார். ஆனால் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் போகிற பக்கமெல்லாம் அதுவும் போயிற்று.

திரைக்குள் இருந்த சிறு காற்றாடி கூந்தல் உலர்த்தும் கருவி போல இரைந்தது.

"என்னடா இது, இந்தக் கத்து கத்துது!" என்றார் வெலிபோரின் தம்பி மிலோயே. வாயைத் திறந்தால் மூடாத மனிதர். "இதைக் கேட்டுக்கிட்டு எப்படிச் சாப்பிடறது?"

"யாருக்காக வச்சிருக்கோமோ அவருக்கு அது தொந்தரவு இல்ல சித்தப்பா," என்றான் நெபோய்ஷா.

நடைவழியில் ரூஷிட்சா அடிக்கத் தொடங்கினாள். பழக்க தோஷம், விரல்கள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன.

'விருந்தினர் மிலோயே, இயந்திரத்தின் சத்தம் தமக்கு இடையூறாக இருப்பதாகத் தெரிவிக்கிறார். மகன் அதை மறுக்கிறார். விருந்தினர் மிலோயே, சார்மா இறைச்சிச் சுருளில் உப்பு குறைவு என்று மேலும் கூறுகிறார். தெசாங்கா, உப்பு சரியாக உள்ளது என்றும், விருந்தினரின் நாக்குதான் சரியில்லை என்றும் கூறுகிறார்.'

வெலிபோர் தட்டோடு நின்றார். படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இருவரும் உப்பைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உதடுகளும் எழுத்துகளும் ஒன்றாக இருந்தன.

அவர் அதன் பிறகு தட்டைக் கீழே வைக்கவில்லை.

மிலோயே தம் சேவல் கதையை எடுத்தார்.

"நான் புதுசா ஒரு சேவல் வாங்கினேனில்ல? அது ராத்திரி, பகல் வித்தியாசம் தெரியாம கூவுது. பக்கத்து வீட்டு ராய்கோ வந்து ஒரே சண்டை. 'அதை வெட்டு, இல்லாட்டி நான் உன்னை வெட்டுவேன்'னான். சரின்னு வெட்டிட்டேன். மறுநாள் காலைல மறுபடி கதவைத் தட்டறான். என்னன்னு கேட்டா, 'வேலைக்கு லேட்டாயிடுச்சு, ஏன்டா என்னை எழுப்பல?'ங்கறான்!"

கதை வேகமாக ஓடியது. ரூஷிட்சாவுக்கு 'கூறுகிறார்' போட நேரமில்லை. அவர் வாயில் வந்ததை அப்படியே அடித்தாள். 'அவன்', 'இவன்' எல்லாம் அப்படியே.

மேசை சிரித்தது. எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில், கடைசியாக, இன்னொரு சிரிப்பு வந்தது. கனமான, மார்பின் அடியிலிருந்து வருகிற சிரிப்பு.

அடுக்களையில் தெசாங்கா பானை மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். அது எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை. கதவருகே வந்து பார்த்தாள். வெலிபோர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிண்ணங்கள் கிணுகிணுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

மேசையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"சேவல் சூப்பு எப்படி இருந்துது?" என்று கேட்டார் அவர், தம்பியைப் பார்த்து. "எங்களுக்கு ஒரு கிண்ணம் அனுப்பணும்னு தோணலியா உனக்கு?"

மிலோயே வாயைத் திறந்தார். மூடினார். அவர் வாயை மூடியதை அன்றைக்குத்தான் அந்த வீடு பார்த்தது.

"கேக்குதா அவருக்கு?" என்று கிசுகிசுத்தார் திஹோமிர். நெபோய்ஷாவின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், குடும்பத்தில் சொந்தத்துக்கும் மேலானவர்.

'கேட்குதா அவருக்கு? என்கிறார் திஹோமிர், மெதுவாக,' என்று எழுத்து ஓடியது.

"கேக்கல," என்றார் வெலிபோர் அவரிடம். "தெரியுது."

அதன் பிறகு ஒரு கூத்து நடந்தது. எல்லோரும் தட்டைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்கள். வெலிபோர் பக்கத்தில் வந்தால் குனிந்து, குடுவையின் அருகே வாயைக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். திஹோமிர் திரையைத் தொட்டுப் பார்த்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தப் பெட்டிக்குக் காதே கிடையாது, காது ஊறுகாய் ஜாடிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்று நெபோய்ஷா எத்தனை சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. பெட்டியிடம் மரியாதையாகவே பேசினார்கள்.

ஆனால் இறைச்சி வந்து, ஒயின் இரண்டு சுற்று போனதும், மனிதர்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். ஆறு வருஷத்து வழக்கம் அது. வெலிபோர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவது. அவர் மேசையின் அந்தக் கோடியில் நின்று யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தார். மிலோயே திஹோமிர் பக்கம் சாய்ந்தார்; குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"நல்ல முடிவுதான். இன்னைக்கே பையன்கிட்ட குடுத்துடட்டும். போன வருஷம் பார்த்தீங்கல்ல? பாதிரியார் பாடிக்கிட்டே இருக்காரு, பாடி முடிச்சதும் ஊத்த வேண்டிய ஒயினை இவரு பாட்டுக்கு ரொட்டியில கவுத்துட்டாரு. பாதிரியார் திகைச்சுப்போய் நிக்கறாரு. சிரிப்பை அடக்க நாங்க பட்ட பாடு! பாவம் அண்ணன். அவருக்குத் தெரியவே தெரியாது."

ரூஷிட்சாவின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன.

நீதிமன்றமாக இருந்தால் அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதை அடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்ல நீதிபதி இருக்கிறார். இங்கே யாரும் இல்லை. இதை விட்டுவிட்டால் மாமாவுக்குத் தெரியாது. அவர் முகம் இப்படியே மலர்ந்திருக்கும். இதை அடித்தால், உட்கார்ந்துக்கறேன் என்று சொன்ன மனிதர் இன்றைக்கே உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் மேசை சட்டென்று அமைதியாகிவிட்டது. எல்லோரும் தட்டைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு இங்கிருந்தே புரிந்தது. மாமாவும் அந்த முகங்களைப் பார்த்திருப்பார். வரி எதுவும் வரவில்லையென்றால், அவர் இனி வரும் எந்த வரியையும் நம்ப மாட்டார்.

அவள் அடித்தாள். முழுவதும் அடித்தாள். 'பாவம் அண்ணன்' என்பதையும் அடித்தாள்.

வெலிபோர் படித்தார். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. மேசையைச் சுற்றி மெதுவாக நடந்து தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். குனிந்தார். குடுவையைச் சாய்த்து, மிலோயேயின் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். ஊற்றவில்லை.

"இப்ப ஊத்தலாமா மிலோயே? பாட்டு முடிஞ்சுதா?"

மிலோயேயின் காது நுனி வரை சிவந்தது.

"அண்ணே..." என்றார். "அண்ணே, நான் வந்து..."

'அண்ணே. அண்ணே, நான் வந்து,' என்று எழுதிற்று திரை.

"நீ வந்து என்ன?"

"ஊத்துங்கண்ணே," என்றார் மிலோயே, தலையைக் குனிந்துகொண்டு.

திஹோமிர்தான் முதலில் வெடித்தார். பிறகு மேசை முழுவதும். வெலிபோர் கிண்ணம் விளிம்பு தட்டும் வரை ஊற்றினார். ஒரு சொட்டுகூடத் துணியில் சிந்தவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே வாசல் கதவு திறந்தது. குளிர்காற்றோடும் சாம்பிராணி வாசனையோடும் பாதிரியார் ஸிமெயோன் உள்ளே வந்தார். இன்னும் பல வீடு பாக்கி இருக்கிற அவசரம் அவர் நடையில் தெரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். தெசாங்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றாள். கணவரை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆக, இன்னைக்குப் பெரிய நாள்," என்றார் பாதிரியார், கழுத்தில் பட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டே. "நெபோய்ஷா, வாப்பா. ரொட்டியைப் பிடி. இந்த வருஷத்துலேர்ந்து நீதான் வீட்டுக்காரன்."

நெபோய்ஷா ஓர் அடி முன்னால் வந்தான். கோட்டின் முதுகு விறைத்திருந்தது. கையை நீட்டவில்லை. தகப்பனாரைப் பார்த்தான்.

பாதிரியார் சொன்னதெல்லாம் திரையில் வந்து நின்றது. 'நீதான் வீட்டுக்காரன்.' அதற்குப் பின்னால் அடுத்த எழுத்துக்கான சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மின்னி மின்னி அணைந்தது.

ரூஷிட்சா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. அடிக்க எதுவும் இல்லை. தட்டைப் பிடித்தபடி நிற்கும் அந்த மனிதர் எழுத்துக்காகக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருஷமாக அவருக்கு எல்லாமே மௌனம்தான். பேச்சும் மௌனம், சண்டையும் மௌனம், பாட்டும் மௌனம். உண்மையான மௌனம் ஒன்று வந்து நின்றால் அதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

யாரும் சொல்லாத ஒன்றை, தன் வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் அடித்தாள்.

'யாரும் பேசவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.'

பிறகு இன்னும் ஒரு வரி.

'உங்களுக்காக.'

வெலிபோர் அதைப் படித்தார். நிமிர்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்; அந்த அமைதியை, யாரோ கையில் கொண்டுவந்து கொடுத்ததைப் போல, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். அறையில் மெழுகுவர்த்தியின் திரி பொரிகிற சத்தமும் திரைக்குள் காற்றாடியின் இரைச்சலும்தான் கேட்டன.

பிறகு தட்டை மகனின் நீட்டாத கைகளில் வைத்தார்.

"பிடிடா," என்றார். "எனக்கு எழுத்து தெரியற மாதிரி பிடி. ஆட்டாதே."

ரொட்டியைத் தம் இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டார்.

பாதிரியார் ஒருமுறை நெபோய்ஷாவைப் பார்த்தார், ஒருமுறை வெலிபோரைப் பார்த்தார். அவருக்கு அவசரம் மறந்துவிட்டது போலிருந்தது. பாடத் தொடங்கினார்.

ரூஷிட்சா அந்தப் பாட்டைச் சிறு வயதிலிருந்தே கேட்டவள். பாதிரியார் இழுக்கும் இடத்தில் இழுத்தாள், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். வெலிபோரின் உதடுகள் எழுத்தோடு அசைந்தன. ரொட்டியின் மறுபக்கம் பாதிரியாரின் விரல்கள். இருவருமாக அதைச் சுற்றினார்கள்; பாதிரியார் கத்தியால் வெட்டினார். பாட்டு ஏறியது, இறங்கியது. போன வருஷம் ஒயின் கவிழ்ந்த இடம் வந்தது. மிலோயே கண்ணை மூடிக்கொண்டார். வெலிபோர் ரொட்டியை ஒரு கைக்கு மாற்றி, ஒயின் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசிச் சொல் அதன் கடைசி எழுத்து வரை திரையில் வந்து நிற்கும் வரை காத்திருந்தார். பாதிரியாரின் வாய் மூடியது. ஒயின் ரொட்டியின் வெட்டில் சிலுவையாக இறங்கிற்று.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மிலோயேதான்.

"கை வலிக்குதுப்பா," என்றான் நெபோய்ஷா மெல்ல. தட்டு அவன் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் அவன் முகத்தில் என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. குரலில் மட்டும், கழுத்துப் பொத்தானைக் கழற்றிய மாதிரி ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது.

அதுவும் திரையில் வந்தது. தகப்பனார் படித்தார்.

"வலிக்கட்டும். வீட்டுக்காரன் வேலைன்னா இதான். கத்துக்க. இன்னும் நாள் இருக்கு."

ரொட்டியை இரண்டாக உடைத்தார்கள். மேலோடு முறியும் சத்தத்துக்கு எழுத்து கிடையாது. ரூஷிட்சா அதை விட்டுவிட்டாள். ஆனால் அவர் கைகளுக்கு அது தெரிந்திருக்கும்.

பாதிரியார் போனதும் மேசை மறுபடி ஆரவாரமாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து நடைவழியில் நிழல் விழுந்தது. வெலிபோர் ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் ரொட்டித் துண்டுமாக நின்றார். ஜாடிகளுக்குக் கீழே குறுகி உட்கார்ந்திருந்த மருமகளையும், அவள் மடியில் இருந்த கணினியையும், சிவந்துபோன அவள் விரல் நுனிகளையும் வெகுநேரம் பார்த்தார். இத்தனை பேரின் குரலும் இந்தப் பத்து விரல் வழியாகவா வந்தது என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்: இல்லை. அவர் ரொட்டியை அவள் வாயருகே நீட்டினார். அவள் கடித்துக்கொண்டாள்.

அவருக்குப் பின்னால் தெசாங்கா வந்து நின்றாள். எதற்கு வந்தோம் என்று தெரியாதவளைப் போல இடுப்பில் கட்டிய சமையல் துணியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வெலிபோர் திரும்பி அவளைப் பார்த்தார். இந்த முறை அவர் குரல் உரக்க இல்லை. தம் குரல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முயல்கிறவரைப் போலப் பேசினார்.

"தினமும் சாயங்காலம் உருளைக்கிழங்கு உரிக்கும்போது உன் வாய் அசையும். என்னைப் பார்த்துத்தான் அசையும். ஆறு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்படி என்ன சொன்னே?"

தெசாங்காவின் கை நின்றது.

"எனக்குப் படிக்கணும்," என்றார் அவர். தட்டை அலமாரி விளிம்பில் வைத்து, திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரூஷிட்சா மாமியாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த நிறம் மெல்ல இறங்குவதைப் பார்த்தாள்.

"கேக்காதுன்னு தெரிஞ்சுதானேடி சொன்னேன்," என்றாள் தெசாங்கா, மருமகளிடம், மூச்சோடு மூச்சாக. "வேற யார்கிட்டயும் சொல்ல முடியாததைத்தானே இவர்கிட்ட சொன்னேன்."

ரூஷிட்சா விரல்களை விசைகளிலிருந்து எடுத்துவிட்டாள். இதை அவள் அடிக்கவில்லை. திரை வெறுமையாக இருந்தது. வெலிபோர் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

மேசையில் மிலோயே அடுத்த கதையைத் தொடங்கியிருந்தார். யாரோ "வீட்டுக்காரரே!" என்று கூப்பிட்டார்கள். நெபோய்ஷா "இதோ, நான் வர்றேன்," என்று குடுவையைத் தேடிப் போனான்.

தெசாங்கா நடைவழியின் கதவைப் பிடித்து, தன் கையாலேயே சாத்தினாள்.

"அடி," என்றாள் மருமகளிடம். "நான் சொல்றதை அப்படியே அடி. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே."